பாக்கிக்கு வந்த செடி

மூன்று ஜோடி கொலுசுக்குத் திருகாணி மாற்றியதில்
முன்னூற்றைம்பது ரூபாய் பாக்கி.
ஏற்காட்டு எஸ்தர் பணத்துக்குப் பதிலாய்
ஒரு பிளாஸ்டிக் தொட்டியை நீட்டினாள்.
ஆர்க்கிட். தண்டு மூன்று, பூ இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியில் வைத்துக்கொண்டே இறங்கினேன்.
ஒரு வளைவில் என் தோளில் சாய்ந்தது,
அடுத்த வளைவில் ஜன்னலைப் பார்த்தது.
அடிவாரத்தில் பஸ் நின்றபோது
பங்குனி வெயில் ஏறிக்கொண்டது,
டிக்கெட் எடுக்காமல்.

சிவதாபுரத்தில் எங்கள் பட்டறைக்குச் சிமெண்ட் ஷீட் கூரை.
வெள்ளி இளகும் சூட்டில் செடி என்ன செய்யும்?
பயந்து பயந்து ஊற்றினேன்,
ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
பூக்க வேண்டிய கணு ஒன்று
பூக்கவில்லை, இலை விட்டது.
தொட்டிக்கு ஒரு முழம் மேலே
அந்தரத்தில் ஒரு குட்டிச்செடி.

வாழையடி வாழை கேட்டிருக்கிறேன்.
இது வாழை முடியில் வாழை.

போன் போட்டேன். எஸ்தர் சிரித்தாள்.
"தண்ணி அதிகமானா அப்படித்தான்,
பூவை மறந்துட்டுக் குட்டி போடும்.
வேர் ஒரு விரல் நீளம் வரட்டும்,
அப்புறம் வெட்டி வை."
எந்த விரல் என்று நான் கேட்கவில்லை.
என் இடது சுண்டுவிரலில் பாதியைக்
கம்பி இழுக்கிற மெஷின் எடுத்துக்கொண்டு
வருஷம் ஆறாகிறது.
அவசரத்துக்கு அதைத்தான் வைத்து அளந்தேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு.
வெள்ளி நறுக்கும் கத்தரியை நெருப்பில் காட்டி
ஒரே வெட்டு.
காயத்துக்குப் பட்டைத்தூள், பிரியாணிக்கு வைத்திருந்தது.
அடியில் அடுப்புக்கரி, உடைந்த ஓடு, தேங்காய் மட்டை.
முதலாளி கம்பித் துணுக்கையும் எடை போடுவார்,
கரியை எண்ண மாட்டார்.

பிறகு இலை சுருங்கியது.
இருந்த இரண்டு வேரில் ஒன்று கறுத்தது.
தொட்டால் ஆடியது,
தெருவில் தண்ணீர் லாரி போனால்கூட ஆடியது.
தினமும் நான் தூக்கித் தூக்கிப் பார்த்ததால்தான்
என்று இப்போது சொல்வேன்.
அப்போது பனி மேல் பழி போட்டேன்.

பற்றவைப்பில் ஒரு விதி:
சேர வேண்டிய இரண்டும் அசையக் கூடாது.
வெங்காரம் எவ்வளவு தடவினாலும்
கை நடுங்கினால் பொடி ஓடாது.
பதினேழு வருஷமாய்த் தெரிந்த விதி
செடிக்கும் உண்டு என்று தோன்ற மூன்று வாரம்.

பழைய பனியனைக் கிழித்து
ஓட்டோடு சேர்த்துக் கட்டினேன்,
தொட்டியைச் சன்னல் கம்பியோடு.
காலையில் ஒரு தெளிப்பு, அவ்வளவுதான்.
இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது
கூலியில்லாத வேலை.
எனக்குப் பழக்கமும் இல்லை.

மாசியில் ஒரு மத்தியானம்
இலையடியில் கடுகளவு பச்சை.
நாள் போகப் போக அதன் பின்னால்
நீண்டு வந்தது ஒரு வெள்ளை உறை.
காய்ந்திருந்தால் வெள்ளி,
நனைந்தால் கண்ணெதிரே பச்சை.
உரைகல்லில் எத்தனையோ பார்த்தவள்,
இப்படி ஒரு வெள்ளி பார்த்ததில்லை.
நாத்தனார் பூங்கோதை எட்டிப் பார்த்து
"உன் பிள்ளை எப்படி இருக்கு?" என்றாள்.
பிள்ளை இல்லை, பாக்கி என்றேன்.

ஆடிக்காற்றில் அம்மி பறந்ததோ என்னவோ,
கயிறு அறுந்து என் தொட்டி பறந்தது.
வாசலெல்லாம் கரி,
ஓடு நாலாய்ச் சிதறி, செடி குப்புற.
கட்டியிருந்த பனியன் நாடா எப்போதோ இற்றுப் போயிருக்கிறது,
நான் கவனிக்கவில்லை.
குனிந்து மெதுவாகத் தூக்கினேன்.
செடியோடு
ஒரு கரித்துண்டும் ஓட்டுச்சில்லும்
தொங்கிக்கொண்டு வந்தன.
லேசாக உதறிப் பார்த்தேன்.
வேர் விடவில்லை.

கணக்குத் தீர்ந்தது என்று சொல்லத்தான்
எஸ்தரைக் கூப்பிட்டேன்.
"வேர் எவ்வளவு நீளம்?" என்றாள்.
இந்தத் தடவை நடுவிரலை வைத்து அளந்தேன்.
இன்னும் ஒரு நகம் குறைகிறது.